பார்வை நரம்பின் முதல் படம்

சங்கத்து விழாக்களில் சந்திக்கும் அன்பர்கள் பலர், நான் தலைநகரில் ஒரு கண் மருத்துவமனையில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணங்கள் இருக்கும். கீழே மலைத்தொடர் போல ஒரு கோடு ஏறி இறங்கும். "ஒரு பக்கம் சிவப்பாக இருக்கிறதே ஸார், பார்வை போய்விடுமா?" என்று கேட்பார்கள்.

நான் டாக்டர் அல்லன். 1981-இல் வேலையில் சேர்ந்து 2016-இல் ஓய்வு பெறும் வரை, டாக்டர்கள் கேட்ட படங்களை எடுத்துக் கொடுத்தவன். ஃபிலிம் சுருளில் தொடங்கி கம்ப்யூட்டர் திரையில் முடித்தேன். பல ஆயிரம் கண்களின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதற்காகவே இந்தக் கட்டுரை.

வலிக்காத நோய்

வடக்கே கண்புரையை 'ஸஃபேத் மோத்தியா' என்றும், கிளாக்கோமாவை 'காலா மோத்தியா' என்றும் சொல்வார்கள். வெள்ளை முத்து, கருப்பு முத்து! பெயர்கள் அண்ணன் தம்பி போல இருப்பதால் இரண்டும் ஒரே மாதிரி நோய் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புரையை அறுவை செய்து எடுத்துவிட்டால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே மருந்தும் லேசரும் அறுவையும் உதவும்.

நம் நாட்டில் 40 வயதைக் கடந்தவர்களில் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2010-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கிராமங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அதில் நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாதவர்கள். சோம்பலோ அலட்சியமோ மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நமக்குப் பரவலாக வரும் வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்போது ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடு செய்துவிடுகிறது. மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. பத்திரிகை படிக்க முடிகிறது, டி.வி. பார்க்க முடிகிறது. அப்புறம் என்ன சோதனை என்று இருந்துவிடுகிறோம்.

உளுந்து வடையும் சேவை நாழியும்

விழித்திரை முழுவதிலிருந்தும் மெல்லிய நரம்பு இழைகள் புறப்பட்டு ஒரே இடத்தில் கூடி, கண்ணின் பின்சுவர் வழியாக மூளைக்குச் செல்கின்றன. ஒரு கண்ணில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள். அவை வெளியேறும் இடம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலான குறுக்களவு உள்ள ஒரு வட்டம். டாக்டர்கள் இதை 'டிஸ்க்' என்பார்கள்.

அந்த வாசலில் சல்லடை போல ஒரு தட்டு உண்டு. சேவை நாழியின் அடித்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கற்றை இழை. கண்ணுக்குள் அழுத்தம் மிகும்போது, அல்லது அந்தக் கண்ணுக்குத் தாங்காதபோது, இந்தத் தட்டு பின்னோக்கி வளைகிறது. துளைகள் நெரிந்து இழைகள் நசுங்குகின்றன. இழை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

மேலிருந்து பார்த்தால் டிஸ்க் ஓர் உளுந்து வடை மாதிரி. நடுவில் உள்ள பள்ளத்துக்குக் 'கப்' என்று பெயர். சுற்றிலும் உள்ள வளையம்தான் உயிருள்ள இழைகள். இழைகள் குறையக் குறைய வளையம் மெலியும், குழி அகலும். டாக்டர் சீட்டில் 0.3 என்றோ 0.7 என்றோ எழுதுவது, வடையின் அகலத்தில் குழி எவ்வளவு என்ற விகிதத்தைத்தான். பெரும்பாலான கண்களில் இந்த வளையம் கீழ்ப்புறம் மிகத் தடிப்பாகவும், அடுத்து மேற்புறத்திலும், பிறகு மூக்குப் பக்கத்திலும், கடைசியாகக் காதுப் பக்கத்திலும் இருக்கும். கிளாக்கோமா பெரும்பாலும் கீழ்ப்புறத்தையோ மேற்புறத்தையோதான் முதலில் அரிக்கிறது. தடிப்பாக இருக்க வேண்டிய இடம் மெலிந்திருந்தால் அங்கேதான் சந்தேகம் எழ வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மனித முகங்கள் எப்படி வேறு வேறோ, டிஸ்க்குகளும் அப்படியே. பிறவியிலேயே பெரிய டிஸ்க், பெரிய குழி உள்ளவர்கள் ஏராளம். அவர்களுக்கு நோய் கிடையாது. சிறிய டிஸ்க் உள்ள ஒருவருக்கு 0.5 என்ற குழியே ஆபத்தாக இருக்கலாம். ஆகவே ஒரு தடவை பார்த்த குழியை வைத்து எப்போதும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. போன தடவை எப்படி இருந்தது என்று தெரிந்தால் பாதி வழக்கு தீர்ந்த மாதிரி.

மேடா, பள்ளமா?

1850-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவியைச் செய்தார். அதற்கு முன் அதைப் பார்க்கும் வழியே இல்லை. சில ஆண்டுகளில் பெர்லின் மருத்துவர் கிரேஃபே கிளாக்கோமாக் கண்களைப் பார்த்தார். கண் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான அவரே, டிஸ்க் மேடாக வீங்கியிருப்பதாக முதலில் எண்ணினார்! ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவியில் ஆழம் தெரியாது. அது மேடல்ல, பள்ளம் என்று விரைவிலேயே அவரும் மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். இறந்தவர்களின் கண்ணை அறுத்துப் பார்த்ததில் அது உறுதியாயிற்று.

பிறகு வந்த படக் கருவிகளின் கதை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்தது. ஆழம் எவ்வளவு? போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாற்றம் உண்டா?

1926-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் விழித்திரைக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்ததும் அந்த வம்சத்துக் காமிராதான். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரிய வைப்போம். நோயாளியின் தாடையைத் தாங்கியில் பொருத்தி, ஒரு பளிச்சென்ற ஃபிளாஷ். பிறகு காமிராவை இம்மியளவு பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம். இந்த இரண்டு ஸ்லைடுகளையும் பக்கத்தில் வைத்து இரு கண் கண்ணாடி வழியே பார்த்தால் குழியின் ஆழம் கிணறு போல எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும் இளம் டாக்டர்கள் 'அட!' என்பார்கள்.

பச்சை வடிகட்டி போட்டுக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தால் நரம்பு இழைகளே மெல்லிய வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். இழைகள் அழிந்த இடம் ஆப்பு வடிவத்தில் கருத்திருக்கும். 1973-இல் அமெரிக்காவின் ஹாய்ட் முதலியோர் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டினார்கள். இளைஞர்களின் கண்ணில் இது நன்றாக விழும். புரை உள்ள முதியவர்களின் கண்ணில் எத்தனை படம் எடுத்தாலும் மூடுபனிக் காலத்து யமுனைக் கரை மாதிரிதான் இருக்கும்.

நரம்பு முந்தும், பார்வை பிந்தும்

படம் எதற்கு, பார்வை எப்படி இருக்கிறது என்று சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு 1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த குயிக்லி பதில் சொன்னார். இறந்தபின் தானமாகக் கிடைத்த கண்களின் நரம்புகளை அவர் குழுவினர் ஆராய்ந்தார்கள். அக்காலத்துப் பார்வைப் பரப்புச் சோதனையில் குறை தெரியும் முன்பே, நூற்றுக்கு நாற்பது இழைகள் வரை அழிந்திருக்கலாம் என்று தெரிந்தது. இன்றைய கம்ப்யூட்டர் சோதனைகள் அதைவிட நுட்பமானவை. ஆனாலும் பலரிடம் நரம்பின் சேதம்தான் முதலில் தெரிகிறது.

அமெரிக்காவில் கண் அழுத்தம் அதிகமாக இருந்தும் சேதம் இல்லாத 1636 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. ஐந்தாண்டுகளில் மருந்து இடாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும், இட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கும் நோய் தோன்றியது. சொட்டு மருந்து பயன் தருமா என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைக்கலாம்.

அதே ஆய்வில் படம் எடுப்பவனாகிய எனக்குப் பெருமை தந்த செய்தி ஒன்று உண்டு. டிஸ்க்கின் விளிம்பில் சில சமயம் தீக்கொழுந்து போல ஒரு சிறு ரத்தக் கசிவு தோன்றும். அது நோய் முன்னேறுவதன் அடையாளமாக இருக்கலாம். சில வாரங்களில் மறைந்துவிடும். 2006-இல் வந்த கணக்கின்படி இப்படிப்பட்ட 128 கசிவுகளில், நேரில் பரிசோதித்தபோதும் கண்ணில் பட்டவை 21 மட்டுமே. மீதி 107-ம் படங்களை ஆற அமரப் பார்த்தபோதுதான் தெரிந்தன. டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கண் அசையும், வெளிச்சம் கூசும், வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். படம் அசையாது, காத்திருக்கும்.

ஒளியின் எதிரொலி

1990-களில் காற்று திசை மாறியது. முதலில் லேசர் கதிரால் டிஸ்க்கைத் தளம் தளமாக வருடி அதன் மேடுபள்ளத்தை வரைபடமாக்கும் எச்.ஆர்.டி. கருவி வந்தது. 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹுவாங், ஸ்வான்ஸன், ஃபூஜிமோட்டோ ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் ஓ.சி.டி. என்ற முறையை வெளியிட்டார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் வண்ணக் காகிதம் அதன் பேரப்பிள்ளை. அந்த மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அதன் தத்துவம் எளியது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு 'டப்' என்ற ஓசை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் ஆழம் தெரியும் அல்லவா? ஓ.சி.டி. ஒளியை அனுப்பி அது திரும்புவதைக் கவனிக்கிறது. ஆனால் ஒளியின் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளக்க இயலாது. ஆகவே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பிவந்த இரண்டும் எப்படிக் கலக்கின்றன என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். பயன்படுவது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை.

எங்களுக்கு வந்த பழைய கருவி வினாடிக்கு 400 ஆழக்கோடுகள் எடுத்தது. அந்த நேரத்துக்குள் நோயாளி கண்ணைச் சிமிட்டிவிடுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2006-க்குப் பின் வந்த கருவிகள் வினாடிக்கு இருபத்தையாயிரத்துக்கும் மேல் எடுக்கின்றன. டிஸ்க்கைச் சுற்றி ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர் வட்டத்தில் நரம்பு இழைப் படலம் எவ்வளவு தடிப்பு என்று அளக்கிறார்கள். ஆரோக்கியமான கண்ணில் சராசரி 90 முதல் 100 மைக்ரான் அளவில் இருக்கும். நாம் எழுதும் தாளின் தடிமன்தான்! மேலும் கீழும் இழைகள் அதிகமாதலால் வரைபடத்தில் இரண்டு குன்றுகள் தெரியும். கிளாக்கோமாவில் ஏதாவது ஒரு குன்று கரையத் தொடங்கும்.

வண்ணங்களைக் கண்டு மயங்க வேண்டாம்

கருவி உங்கள் அளவை, அதன் நினைவிலுள்ள ஆரோக்கியமானவர்களின் அளவோடு ஒப்பிட்டு வண்ணம் பூசுகிறது. ஆரோக்கியமான நூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே இருக்கக்கூடிய மெலிவு என்றால் சிவப்பு. ஆரோக்கியமானவர்களிலேயே அந்த ஒருவர் உண்டு என்பதைக் கவனியுங்கள். அதிகமான மைனஸ் கண்ணாடி போடுபவர்களுக்குக் குன்றுகள் சற்று இடம் மாறி இருப்பதால் நோய் இல்லாமலே சிவப்பு வரும். புரை மறைத்தாலும், கண் வறண்டிருந்தாலும், படம் சரியாக விழாமல் அளவு குறைந்து காட்டும். காகிதத்தின் மேலே படத்தின் தரத்துக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். டாக்டர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பச்சையைக் கண்டு துள்ளுவதும் கூடாது. ஒருவருக்கு 105 மைக்ரான் இருந்து மூன்றாண்டில் 90 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பச்சையாகவே இருக்கலாம். ஆனால் 15 மைக்ரான் போய்விட்டது! வயது ஏறுவதால் ஆண்டுக்குச் சுமார் அரை மைக்ரான் குறைவது இயல்பு. இது இயல்பு அல்ல. முதல் அளவு இல்லாதவர்களுக்கு இதை யாரும் சொல்லவும் முடியாது.

நோய் முற்றியவர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. 50, 55 மைக்ரானுக்குக் கீழே அளவு பெரும்பாலும் இறங்காது. இழைகள் போனாலும் ரத்தக் குழாய்களும் தாங்கு திசுக்களும் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் ஓ.சி.டி.யைவிடப் பார்வைப் பரப்புச் சோதனையே வழிகாட்டும். கண் அழுத்தம், கண்ணின் கோணம், டிஸ்க், பார்வைப் பரப்பு எல்லாவற்றையும் சேர்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

இரண்டு கோப்புகள்

1996-இல் ஓர் ஆசிரியை வந்தார். நம்மவர்தான். குழி 0.7 இருப்பதாகச் சொல்லி, ஆயுள் முழுவதும் மருந்து போட வேண்டியிருக்கலாம் என்று ஒரு டாக்டர் சந்தேகப்பட்டிருந்தார். அந்த அம்மாள் பெட்டியிலிருந்து ஒரு தாள் உறையை எடுத்தார். கணவருக்கு வேறு ஊரில் வேலை இருந்தபோது, 1988-இல் எடுத்த இரண்டு ஸ்லைடுகள். ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. நான் அன்று எடுத்த படங்களோடு டாக்டர் அவற்றை வைத்துப் பார்த்தார். எட்டு ஆண்டுகளில் ஒரு முடியளவு மாற்றம் இல்லை. அழுத்தமும் பார்வைப் பரப்பும் சரியாகவே இருந்தன. பிறவிக் குழி என்று தீர்மானித்து, மருந்து வேண்டாம், ஆண்டுக்கொரு முறை வந்தால் போதும் என்றார் டாக்டர். பூஞ்சை பிடித்த இரண்டு ஸ்லைடுகள் அவருக்கு ஆயுள்கால மருந்தை மிச்சப்படுத்தின.

இன்னொருவர் மத்திய அரசு அதிகாரி. நாக்பூர், குவாஹாத்தி, தில்லி என்று மாற்றல். போன இடமெல்லாம் கண்ணைக் காட்டியிருக்கிறார், படமும் எடுத்திருக்கிறார்கள். அந்தந்த ஊர்க் கோப்பு அந்தந்த ஊரோடு நின்றுவிட்டது. எங்களிடம் வந்தபோது இடது கண்ணில் கீழ் விளிம்பு அநேகமாக இல்லை. இது பத்தாண்டில் மெதுவாக நடந்ததா, இரண்டாண்டில் வேகமாக நடந்ததா? மருந்து போதுமா, அறுவை வேண்டுமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. பதில் சொல்ல ஒரு தாள் இல்லை. அறுவை செய்தார்கள், மிச்சப் பார்வை நின்றது.

டாக்டர் அவரிடம் கூடப் பிறந்தவர்களை உடனே சோதிக்கச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்த அவருடைய அக்காவுக்கு நோய் ஆரம்ப நிலையில் இருப்பது தெரிந்தது. சொட்டு மருந்தோடு அவர் கடைசி வரை கோலம் போட்டுக்கொண்டிருந்தார் என்று பிற்காலத்தில் அந்த அதிகாரி சொன்னார்.

நாம் செய்யக்கூடியவை

நாம் ஓர் ஊரில் வேரூன்றி இருப்பவர்கள் அல்லர். மாற்றல், பிள்ளைகளின் ஊர், ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கமோ கோயம்புத்தூரோ என்று போய்க்கொண்டே இருப்பவர்கள். பாங்க் பாஸ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் பத்திரமாக எடுத்துப்போகிறோம். கண் நரம்பின் முதல் படத்தை விட்டுவிட்டுப் போகிறோம்.

நாற்பது வயதானவர்கள் ஒருமுறை முழுக் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே காட்டுங்கள். அலர்ஜிக்கென்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். அதுவும் கண் அழுத்தத்தை ஏற்றும்.

சந்தேகம் என்று டாக்டர் சொன்னால், டிஸ்க்கின் வண்ணப் படம், ஓ.சி.டி., பார்வைப் பரப்பு மூன்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தக் கருவியில் எடுத்தது என்பதும் தேதியும் அதில் இருக்கட்டும். ஒரு கருவியின் மைக்ரானை இன்னொரு கருவியின் மைக்ரானோடு நேராக ஒப்பிட முடியாது. மருந்து தொடங்கும் முன் இருந்த கண் அழுத்தத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தம் அளக்கும் கருவி தரும் சிறு சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும், ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை அடுத்த விடுமுறையில் பார்க்கப் போகும்போது, அவர்களையும் ஒருநாள் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். கூட ஆள் வேண்டும் என்பதற்காகவே பலர் போகாமல் இருக்கிறார்கள். அந்தக் கூட வரும் ஆள் நீங்களாக இருங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரு கெட்டி அட்டை உறையின் மேல் உங்கள் பெயரையும் 'கண்' என்ற ஒரு சொல்லையும் எழுதி, பென்ஷன் காகிதங்களோடு வையுங்கள். உங்கள் பார்வை நரம்பின் முதல் படம் அதற்குள் இருக்கட்டும்.